ஸ்கஸி டீபக்: போலி டிஸ்க்கை வைத்து டிரைவரைப் புதுப்பித்த அனுபவம்

தரமணியில் எங்கள் குழு பார்த்துக்கொள்ளும் பேக்கப் பெட்டியின் டிரைவர், 1994-இல் வந்த ஸ்கஸி-2 தரத்தை வைத்து எழுதப்பட்டது. ஸ்கஸி என்பது கணினியும் டிஸ்க்கும் பேசிக்கொள்ளும் கட்டளை மொழி. அதைப் புதிய தரங்களுக்குக் கொண்டுவரும் வேலையில் சில வருடங்களாகக் கைகொடுப்பது, லினக்ஸ் கெர்னலோடு வரும் ஸ்கஸி டீபக் மாட்யூல். ராமில் ஒரு போலி டிஸ்க்கை உருவாக்கித் தரும். எந்தத் தரத்தில் பேச வேண்டும், எங்கே பிழை காட்ட வேண்டும் என்று நாமே சொல்லிக்கொள்ளலாம்.

புதுப்பித்தல் என்றதும் எல்லோரும் 2 டெராபைட் எல்லையைத்தான் பேசுவார்கள். டிஸ்க்கைப் படிக்கச் சொல்லும் ரீட்-10 கட்டளையில் முகவரிக்கு 32 பிட்தான். டிஸ்க்கின் ஒவ்வொரு துண்டும், அதாவது செக்டரும், 512 பைட் என்றால் அதற்கு மேல் எட்டாது, 64 பிட் முகவரி உள்ள ரீட்-16 வேண்டும். சரி, அது தேவைதான். ஆனால் என்னைக் கேட்டால் முதலில் கை வைக்க வேண்டியது சென்ஸ் டேட்டாவில், அதாவது டிஸ்க் தன் பிழையைச் சொல்லும் பைட்டுகளில்.

டீசென்ஸ் 1 (பிழையைப் புதிய வடிவத்தில் சொல்), ஆப்ட்ஸ் 2 (படிக்கும்போது பிழை காட்டு) என்று கொடுத்து மாட்யூலை ஏற்றி, 4660-ஆவது செக்டரைப் படித்துப் பாருங்கள். ஹெக்ஸில் 72, 03, 11, 00 என்று வரும். 72 என்றால் புதிய டிஸ்கிரிப்டர் வடிவம், 03 மீடியம் எரர், 11 என்றால் செக்டரைப் படிக்கவே முடியவில்லை. பழைய வடிவத்தில் சென்ஸ் கீ, அதாவது அந்த 03 போன்ற பிழை வகை எண், இருந்ததோ, 0-இலிருந்து எண்ணினால் 2-ஆவது பைட்டில். வடிவத்தைச் சொல்லும் முதல் பைட்டைப் பார்க்காத பழைய பார்சர் (பைட்டுகளைப் பிரித்துப் படிக்கும் கோட்), அந்த 11-இன் கடைசி நான்கு பிட்டை எடுத்து 1 என்று படிக்கும். 1 என்றால் ரெக்கவர்டு எரர்: பிழை வந்தது, டிஸ்க்கே சரிசெய்துவிட்டது என்று பொருள். ஒருவருடைய கடைக் கணக்கு இருந்த செக்டர் போயே போய்விட்டது, டிரைவரோ எல்லாம் நலம் என்கிறது. பேக்கப் பெட்டிக்கு இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது.

இந்த மாட்யூலில் குறையும் உண்டு. விர்ச்சுவல் ஜிபி 4096 என்று கொடுத்தால் 4 டெராபைட் டிஸ்க்காகக் காட்டும். பின்னால் இருப்பது, நாம் மாற்றாதவரை, 8 எம்பி ராம்தான். முகவரி அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். 2 டெராபைட் 8 எம்பியால் மீதியில்லாமல் வகுபடுவதால், டிரைவர் முகவரியில் 32 பிட்டுக்கு மேலுள்ளவற்றைத் தவறுதலாக வெட்டி எறிந்தாலும் அதே இடத்துக்குப் போய்ச் சரியான டேட்டாவைக் கொண்டுவந்துவிடும். டெஸ்ட் பாஸ்! ராம் அளவை 7 எம்பி ஆக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அப்புறம், டிஸ்க்கை யூஎஸ்பியோடு இணைக்கும் பிரிட்ஜ் சிப்புகளின் குணம் இதில் தெரியாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய மலிவான டிஸ்க் கேஸ் ஒன்று, டிஸ்க்கின் அளவைக் கேட்கும் ரீட் கெபாசிட்டி கட்டளையின் 16 வடிவத்தை அனுப்பியதும் தொங்கிவிடும். கேபிளைப் பிடுங்கிச் செருகினால்தான் மறுபடி உயிர் வரும். அதனால் லினக்ஸின் பொதுவான வழியையே எடுத்துக்கொண்டோம். இன்க்வயரியில், அதாவது 'நீ யார்' என்று கேட்கும் கட்டளையில், எஸ்பிசி-2 என்ற ஸ்கஸி தரத்துக்கு மேல் என்று சொல்லும் டிஸ்க்கிடம் மட்டும் 16-ஐ முதலில் கேட்கிறோம். மற்றவற்றிடம் 10-ஐக் கேட்டு, எல்லா பிட்டும் 1 ஆக வந்தால்தான், அதாவது அளவு 32 பிட்டில் அடங்காவிட்டால்தான், 16-க்குப் போகிறோம். இப்போது அந்தக் கேஸும் தொங்காமல் ஓடுகிறது.