முதல் ஸ்மார்ட்போன்: எந்த நிறுவனத்தின் சிம்மைப் போடுவது?

போன் வாங்க ஒரு மாதம் அலசுகிறவர்கள், அதில் போடும் சிம்மை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று துருவித் துருவிப் பார்த்துவிட்டு, கடைசியில் விற்பனையாளர் நீட்டுவதையோ வீட்டில் எல்லோரும் வைத்திருப்பதையோ வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். பட்டன் போன் காலத்தில் அது பெரிய விஷயமில்லை. பேச்சும் குறுஞ்செய்தியும் கொஞ்சம் சிக்னல் இருந்தாலே ஓடிவிடும். ஸ்மார்ட்போனுக்கு வரைபடம், வங்கி, பாடம், காணொளி என எல்லாமே டேட்டாதான். அதற்கு மாதாமாதம் கட்டும் பணத்தை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கூட்டிப் பார்த்தால், போனின் விலையையே தாண்டிவிடுவதும் உண்டு.

எதிரே இருக்கும் வழிகள் நான்கு. போனும் சிம்மும் சேர்ந்து தவணையில் வரும் ஒப்பந்தம், மாதம் முடிந்து பில் வரும் போஸ்ட்பெய்டு, முன்கூட்டியே ரீசார்ஜ் செய்யும் ப்ரீபெய்டு, சொந்த டவர் இல்லாமல் பெரிய நிறுவனத்தின் நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்து நடத்தும் மெய்நிகர் நிறுவனம். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு, சொந்த நெட்வொர்க் உள்ள நிறுவனத்தின் ப்ரீபெய்டு. விலை குறைவு என்பதற்காக அல்ல. தனக்கு எவ்வளவு டேட்டா தேவைப்படும் என்பது முதல்முறை ஸ்மார்ட்போன் வாங்குபவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்காக இரண்டு ஆண்டுக் கையெழுத்துப் போடக் கூடாது.

சிக்னலைச் சோதிக்கும் விதம்

'எந்த நெட்வொர்க் சிறந்தது' என்ற கேள்விக்குத் தெருவுக்கு ஒரு பதில் உண்டு. நாடு முழுவதும் முதலிடம் பிடித்த நிறுவனம் உங்கள் படுக்கையறையில் காலை வாரிவிடலாம். காரணம் டவரின் தொலைவு மட்டுமல்ல, அலைவரிசையும்தான். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் வெகுதூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைத்துக்கொண்டு உள்ளே வரும். ஆனால் அங்கே நிறுவனங்களுக்குக் கிடைக்கும் அலைக்கற்றையின் அளவு பொதுவாகச் சிறியது; ஒரே நேரத்தில் பலர் காணொளி பார்த்தால் திணறும். பல நாடுகளில் 5ஜிக்குப் பயன்படும் 3,500 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை இதற்கு நேர்மாறு. வேகம் அபாரமாக இருக்கும், கான்கிரீட் சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். ஆகவே, நிறுவனம் எந்த அலைவரிசைகளை வைத்திருக்கிறது, உங்கள் போன் அவற்றில் எவற்றை ஏற்கும் என்ற இரண்டும் பொருந்த வேண்டும். போனின் விவரப் பட்டியலில் 'பேண்ட்', அதாவது அலைவரிசை, என்ற தலைப்பின் கீழ் வரிசையாக எண்கள் இருக்கும். வெளிநாட்டில் இருந்து யாராவது வாங்கி வந்த போன் என்றால், அந்த எண்களைப் பார்க்காமல் சிம் வாங்குவது வீண் வேலை.

நிறுவனங்கள் வெளியிடும் கவரேஜ் வரைபடங்கள் பெரும்பாலும் கணினிக் கணிப்புகள். ஒரே நிறத்தை அள்ளிப் பூசிய அந்தப் படத்தில் உங்கள் வீட்டுச் சுவர்கள் இல்லை. அதைவிட, அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரை வீட்டுக்கு அழைப்பது மேல். கதவுகளைச் சாத்திவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் மூலையில் அவர் போனை வைத்துப் பாருங்கள். திரையின் மேலே தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் நிறுவனமும் தன் விருப்பப்படி வரைகிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அமைப்புகளுக்குள் போய், போனைப் பற்றிய பகுதியில் சிம்மின் நிலவரத்தைத் திறந்தால், சிக்னல் வலிமை டிபிஎம் அளவில் கழித்தல் குறியோடு இருக்கும். 4ஜியில் அது மைனஸ் 90க்குப் பக்கத்தில் இருந்தால் கவலையில்லை. கழித்தல் குறிக்குப் பின்னால் உள்ள எண் ஏற ஏற சிக்னல் குறைவு. மைனஸ் 110ஐத் தாண்டினால் காணொளி திணறும். மைனஸ் 120 என்றால் போன் பெயருக்குத்தான் இணைப்பில் இருக்கிறது. சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரியும் தீர்ந்துவிடும்.

இந்தச் சோதனையை இரவு எட்டு ஒன்பது மணிக்குச் செய்தால் இன்னும் நல்லது. எண் நன்றாக இருந்தும் காணொளி சுற்றிக்கொண்டே நின்றால், அந்த டவரில் கூட்டம் அதிகம் என்று பொருள்.

அப்படியே ஓர் அழைப்பும் செய்து பாருங்கள். எண்ணைத் தட்டியவுடன் மேலே உள்ள 4ஜி குறியின் மீது கண் வைக்க வேண்டும். அது அப்படியே நின்று, ஓரிரு நொடியில் மணி அடித்தால் பேச்சு வோல்ட்இ வழியாக, அதாவது 4ஜியிலேயே, போகிறது. குறி 'ஹெச்' அல்லது 'இ' என்று மாறி, சில நொடி மௌனத்துக்குப் பிறகு மணி அடித்தால், அழைப்பு பழைய 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிவிட்டது. இது அற்ப விஷயமாகத் தோன்றும். ஆனால் பல நாடுகளில் பழைய நெட்வொர்க்குகளை மூடி வருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜி மூடப்பட்டபோது, 4ஜி டேட்டா ஓடியும் அவசர அழைப்புக்கு 3ஜியையே நம்பியிருந்த போன்களை நெட்வொர்க்கில் இருந்தே தடுக்க வேண்டியதாயிற்று. பழைய போனையோ வேறு நாட்டு மாடலையோ முதல் போனாக எடுப்பவர், 'என் மாடலில் உங்கள் வோல்ட்இ இயங்குமா' என்று நிறுவனத்திடம் கேட்டே தீர வேண்டும். போனில் வசதி இருந்தால் போதாது, நிறுவனமும் அந்த மாடலை அனுமதித்திருக்க வேண்டும்.

கட்டிப்போடும் திட்டமும் கட்டாத திட்டமும்

போனோடு சேர்ந்து வரும் ஒப்பந்தத்தின் கவர்ச்சி வெளிப்படையானது: கையில் பணம் இல்லாமலே புது போன். அந்தப் போனின் விலை எங்கேயும் போய்விடவில்லை, மாதக் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஒப்பிட ஒரே வழி, மாதக் கட்டணத்தை மொத்த மாதங்களால் பெருக்கி, அதே போனைத் தனியாக வாங்கி ப்ரீபெய்டு போட்டால் ஆகும் செலவோடு வைத்துப் பார்ப்பதுதான். சில சமயம் ஒப்பந்தமே மலிவாக வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் போன் வேறு சிம்மை ஏற்காதபடி பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் பூட்டிய போன்களை நிறுவனங்கள் விற்கக் கூடாது. எல்லா நாடுகளிலும் அந்த விதி இல்லை. வீட்டில் சிக்னல் சரியில்லை என்று மூன்றாம் மாதம் தெரியவந்தால், பூட்டிய போன் வைத்திருப்பவருக்குப் போக்கிடம் கிடையாது.

போஸ்ட்பெய்டு, அலுவலகம் பில் கட்டுகிறவர்களுக்கும் ஒரே கணக்கில் குடும்பத்தையே சேர்ப்பவர்களுக்கும் வசதி. முதல் போனுக்கு அதில் ஓர் ஆபத்து உண்டு: வரம்பு தாண்டினால் டேட்டா நிற்காமல், பில் ஏறலாம். ப்ரீபெய்டில் பணம் தீர்ந்தால் சேவை நின்றுவிடும். எரிச்சல்தான், ஆனால் அதிர்ச்சி கிடையாது.

மெய்நிகர் நிறுவனங்கள் சுவாரசியமானவை. 1999இல் பிரிட்டனில் வர்ஜின் மொபைல் தொடங்கிவைத்த இந்த முறை இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. டவர் பராமரிப்புச் செலவு இல்லாததால் கட்டணம் குறைவு. சிக்னலும், டவரை வாடகைக்குத் தரும் தாய் நிறுவனத்தின் சிக்னலேதான். அப்படியானால் ஏன் முதல் தேர்வு இதுவல்ல? டவரில் நெரிசல் வரும்போது சில தாய் நிறுவனங்கள் தம் நேரடி வாடிக்கையாளருக்கு முன்னுரிமை தந்து, மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. வைஃபை வழி அழைப்பு, போனுக்குள்ளேயே பதிந்து வரும் இ-சிம் போன்றவை சிலவற்றில் இருப்பதில்லை. நேரில் போய்க் கேட்க அலுவலகமும் இருக்காது. எல்லாம் செயலியிலும் தொலைபேசியிலும்தான். போனைப் பழகிக்கொண்டவருக்கு இவை குறையே அல்ல. தாய் நிறுவனத்தில் மூன்று மாதம் ஓட்டிவிட்டு, அதே டவரில் ஓடும் மலிவான மெய்நிகர் நிறுவனத்துக்கு மாறுவதுதான் நான் சொல்லக்கூடிய சாமர்த்தியம்.

'அன்லிமிடெட்' என்ற எழுத்துகளைப் பார்த்தால் அடியில் உள்ள சிறிய எழுத்துகளையும் படியுங்கள். முழு வேகத்துக்கு நிறுவனம் வைக்கும் நியாயப் பயன்பாட்டு வரம்பு முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும் என்றிருந்தால், நொடிக்கு 8 கிலோபைட் என்று பொருள். 3 எம்பி அளவுள்ள ஒரு புகைப்படம் வர ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். அது வரம்பில்லாத டேட்டா அல்ல, நின்றுபோன டேட்டா. ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரப் படம் 3 ஜிபி வரை தின்னும் என்பதால், அந்த வரம்பு நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். முதல் மாதக் கணக்கை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். புது போனில் செயலிகளும் அவற்றின் புதுப்பிப்புகளும் இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாம் மாதக் கணக்குதான் உண்மைக்கு அருகில் இருக்கும்.

எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி சிங்கப்பூரில் 1997இல் வந்தது, இப்போது ஏராளமான நாடுகளில் இருக்கிறது. அதனால் தவறான நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் திரும்ப வழி உண்டு, எண் உங்கள் பெயரில் இருக்கும்வரை. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் முதல் மின்னஞ்சல் மீட்பு வரை எல்லாம் அந்த எண்ணுக்கே வரும். சிம் தொலைந்தால் மாற்று சிம் வாங்கவும், வேறு நிறுவனத்துக்கு மாறவும் பதிவில் உள்ளவரைத்தான் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு வாங்கும் சிம் பல இடங்களில் பெற்றோர் பெயரில்தான் கிடைக்கும். உரிய வயது வந்ததும் அதைப் பிள்ளையின் பெயருக்கு மாற்ற அந்த நிறுவனத்தில் என்ன நடைமுறை என்று வாங்கும் அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.