கிளி முட்டை பார்சல்: பணம் போடும் முன் இதைப் படியுங்கள்

"சன் கனூர் கரு கூடிய முட்டை, நூறு சதவீதம் கேரண்டி, தமிழ்நாடு முழுக்க டெலிவரி" என்று வாட்ஸ்அப் பறவைக் குழுக்களில் விளம்பரம் வந்தால் பேசாமல் தள்ளிவிட்டுப் போங்கள். (சன் கனூர் என்பது ஒரு வெளிநாட்டுக் கிளி.) விற்பவர் நல்லவராகவே இருந்தாலும், சென்னை வெயிலில் பார்சலில் வந்து இறங்கும் முட்டையில் உயிர் மிஞ்சுவது அபூர்வம். எனக்கு வாய்த்தவர் நல்லவரும் இல்லை.

பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடியில் காக்டெயில் என்ற கிளி வகையும் லவ் பேர்ட்ஸும் வளர்க்கிறோம். அதில் ஒரு காக்டெயில் ஜோடி அடைகாப்பதில் படு கெட்டி. பகலில் ஆண், ராத்திரியில் பெண் என்று முறை வைத்து உட்காரும். ஆனால் ஆணுக்கு வயதாகிவிட்டது, இடுகிற முட்டையெல்லாம் கூமுட்டை. அந்த முட்டைகளை எடுத்துவிட்டு வேறு ஜோடியின் முட்டைகளை வைத்தால் பொரித்து வளர்த்துவிடும் என்று கனூர் முட்டை தேடினேன். இன்குபேட்டரில் பொரிக்கும் எண்ணமே கிடையாது. கோழிக்குஞ்சு பொரித்த அன்றே எழுந்து நடக்கும். கிளிக்குஞ்சு கண் திறக்காமல், இறகு முளைக்காமல் வரும். முதல் சில நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும் எழுந்து ஊட்ட வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஆகாது.

விற்றவர் கோவைப் பக்கம். பேச்சில் அவ்வளவு மரியாதை. "நம்ம ஊட்டுப் பறவைங்ணா, நேத்துத்தான் வெச்ச முட்டை. சென்னைக்கு நம்ம பையன் சேரன் எக்ஸ்பிரஸ்ல ஏசி கோச்சுல வர்றான், மடியில வெச்சே கொண்டாந்துருவானுங்" என்றார். ஆறு முட்டை, ஒன்று 1,500 ரூபாய். பேக்கிங்குக்குத் தனியாக 400. மொத்தத்தையும் ஜிபேயில் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். அதன் பிறகு ஒரு படம் வந்தது: டார்ச் வெளிச்சத்தில் சிவப்பு நரம்போடிய முட்டை. நேற்று இட்ட முட்டையில் நரம்பு தெரியாது. குறைந்தது நாலைந்து நாளாவது அடையில் இருந்தால்தான் தெரியும். கேட்டேன். "அது போன செட்டுங்ணா, ஜோடி அதேதானுங்" என்று பதில் வந்தது. அன்று ராத்திரி ரயிலில் வரும் பையனின் நம்பருக்குப் பதிலாக ஆம்னி பஸ் பார்சல் சீட்டின் படம் வந்து சேர்ந்தது.

பஸ் காலையிலேயே வந்துவிட்டது. பார்சல் என் கைக்கு வரும்போது மதியம் ஆகிவிட்டது. அதுவரை தகரக் கூரைக்குக் கீழே, ஒரு பைக்கின் பக்கத்தில் கிடந்திருக்கிறது. தெர்மாகோல் பெட்டி, சுற்றிலும் பிரவுன் டேப், காற்றுக்கு ஒரு ஓட்டைகூட இல்லை. உள்ளே கோழி முட்டை வைக்கிற அட்டை. அந்தக் குழிக்குள் கனூர் முட்டை தொளதொள என்று ஆடும். ஆட்டத்தை நிறுத்தத் தினத்தாளைக் கசக்கித் திணித்திருக்கிறார். ஒரு முட்டை உடைந்து, மஞ்சள் கரு தாளோடு காய்ந்து பக்கத்து முட்டையின் மேல் ஒட்டியிருந்தது. தாளை உரிக்கும்போது சினிமா விளம்பரத்தின் எழுத்து முட்டை ஓட்டில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிப் பதிந்து வந்தது. முட்டைகளைத் தொட்டால் கைச்சூட்டைவிட அதிகச் சூடு.

பாத்ரூம் விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டில் சிவப்பாக ஒரு வளையம். கரு வளரத் தொடங்கி நடுவில் செத்துப்போனால், ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து விலகி இப்படி வளையமாக நிற்கும். அடையிலிருந்து எடுத்த முட்டைகளையே "நேற்று வைத்தது" என்று அனுப்பியிருக்கிறார். இரண்டில் வெறும் வெளிச்சம் மட்டும், கரு வளரவே இல்லை. மிச்சமிருந்த ஒன்றைச் சாய்த்தபோது, அகன்ற பக்கத்தில் நிலையாக இருக்க வேண்டிய காற்றுப்பை இடம் மாறி ஓடியது. உள்சவ்வு பிய்ந்துவிட்டது என்று அர்த்தம், பஸ் குலுக்கலின் வேலை.

வீடியோ எடுத்து அனுப்பினேன். முதலில் "நீங்க அடை வெச்சது சரியில்லீங்" என்றார். அடையிலேயே வைக்கவில்லை என்றதும் "பஸ்காரன் பண்ணுனதுக்கு நான் என்னங் பண்றது" என்றார். அடுத்த மெசேஜுக்கு ஒற்றை டிக்தான். நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

இந்தக் "கேரண்டி"யைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாக இட்ட முட்டையில் கரு கூடியிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. உடைத்தால் தெரியும், உடைத்தால் முட்டை போச்சு. அடை வைத்து நரம்பு ஓடிய முட்டையைக் காட்டிக் கேரண்டி தரலாம். ஆனால் அந்த முட்டையை நெடுநேரம் ஆறவிட்டால் கரு செத்துவிடும், அடைச்சூடு குறையாமல்தான் கொண்டுவர வேண்டும். ஆக, கேரண்டி தரக்கூடிய முட்டையைப் பார்சலில் அனுப்ப முடியாது, பார்சலில் அனுப்பக்கூடிய முட்டைக்குக் கேரண்டி தர முடியாது. இரண்டையும் சேர்த்து ஒரே வரியில் சொல்பவர் பொய் சொல்கிறார்.

புது முட்டைக்கு வேண்டிய சூடு சுமாராக 13 முதல் 18 டிகிரி செல்சியஸ். அதில் கரு தூங்கும், ஒரு வாரம் வரைக்கும் தாங்கும். அடைச்சூடு 37 டிகிரியை ஒட்டியது. நம் ஊர்க் கோடையில் நிழலிலேயே இருக்கும் 33, 35 இரண்டிலும் சேராது. கரு தூங்கவும் செய்யாது, ஒழுங்காக வளரவும் செய்யாது, பாதியில் நின்றுவிடும்.

இதைவிடக் கூத்து வியாசர்பாடி நண்பர் ஒருவருக்கு நடந்தது. "ஆப்பிரிக்கன் கிரே" (சாம்பல் நிறக் கிளி) என்று இரண்டு முட்டை, உள்ளூரிலேயே, பைக்கில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். கிரே பொரிய 28 நாளாவது ஆகும். இவர் இன்குபேட்டரில் 18ஆவது நாளே ஓடு விட்டது. மஞ்சள் மயிரோடு, மூக்கு நீண்ட குஞ்சு. பக்கத்து மாடியில் பந்தயப் புறா விடுகிற பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா ணா, புறாவைப் போயி இன்குபேட்டர்ல வெச்சிருக்க" என்றானாம். கிரே முட்டையும் புறா முட்டையும் இரண்டுமே வெள்ளை, அளவும் ஏறக்குறைய ஒன்று. வடசென்னையில் புறா முட்டைக்குப் பஞ்சமா என்ன? முட்டை விற்ற அந்த ஆள் மேல் எனக்கு ஒரு சின்ன மரியாதை உண்டு: உயிருள்ள முட்டையையாவது கொடுத்தான்.

சரி, முட்டைதான் வேண்டும் என்றால் உள்ளூரில் பறவை வளர்ப்பவர் வீட்டுக்கு நேரில் போங்கள். தாய் தகப்பன் பறவைகளைக் கூண்டில் பாருங்கள். அதே ஜோடி முன்பு பொரித்த குஞ்சுகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். புது முட்டை என்றால் விடியற்காலையில் வாங்கி, முட்டை அளவுக்குக் குழி வெட்டிய பஞ்சில், அகன்ற பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்தி, ஏசி காரில் மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். ஐஸ் ஜெல் வைத்தால் துணி சுற்றித் தள்ளி வையுங்கள், முட்டையில் படக் கூடாது. வந்ததும் அடையில் வைக்காமல் ஒரு நாள் அப்படியே நிற்கவிடுங்கள், காற்றுப்பை அடங்கட்டும். அடையிலிருக்கும் முட்டையைக் கொண்டுவர பேட்டரியில் ஓடும் சின்ன இன்குபேட்டர் வேண்டும், அதுவும் ஊருக்குள் மட்டும். என்னைக் கேட்டால் தானாகத் தின்னப் பழகிய குஞ்சாக வாங்குவதே மேல். வளர்ப்பில் நல்ல பெயர் எடுத்தவர்கள் பெரும்பாலும் முட்டை விற்பதே இல்லை, கவனித்துப் பாருங்கள்.

இன்னொன்று. சன் கனூர், ஆப்பிரிக்கன் கிரே எல்லாம் சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பவை. 2024இல் வந்த விதிப்படி இவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். காக்டெயிலும் பட்ஜி என்ற சின்னக் கிளியும் அந்தப் பட்டியலில் இல்லை. விற்பவரிடம் தாய்ப் பறவைகளின் பரிவேஷ் பதிவைக் கேளுங்கள், பாதிப் பேர் அத்தோடு போனை வைத்துவிடுவார்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளி முட்டை என்று யாராவது நீட்டினால் தொடவே தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், முட்டைக்கும் சேர்த்துத்தான்.

பணம் போட்டுப் பொருளே வரவில்லை என்றால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு. என்னைப் போலப் பொருள் வந்து ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்கலாம், நான் கொடுத்திருக்கிறேன். சாட், ஜிபே ரசீது, பார்சல் சீட்டு, பெட்டியைப் பிரிக்கும்போதே எடுத்த வீடியோ நான்கையும் அழிக்காமல் வைத்திருங்கள். பிரித்த பிறகு எடுத்த வீடியோவுக்கு "நீங்களே உடைச்சீங்க" என்பதுதான் முதல் பதிலாக வரும்.