மாதிரிக் கப்பலுக்குக் கருவி: மலையகத்து ஈரத்தில் எது தேறும்?

மாதிரிக் கப்பல் கட்ட 'முழு செட்' என்று விற்கப்படும் பெட்டிகளில் பாதிச் சாமான் பெட்டியை விட்டு வெளியே வராது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இருந்து கட்டுபவருக்கு உண்மையில் வேண்டியவை பார்மசியிலும் நகைப் பட்டறையிலும் கிடக்கின்றன. இங்கே சொல்லும் அளவுகள் 1:48, 1:64 விகிதங்களுக்கானவை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போன அன்னபூரணி என்ற பாய்க்கப்பலின் நீளம் 89 அடி; 1:48இல் 56.5 செ.மீ. வரும். சாதாரண மேசையில் அடங்கிவிடும்.

முதலில் வாங்க வேண்டியது சத்திரசிகிச்சைக் கத்தி. 3ஆம் இலக்கப் பிடியும் 11ஆம் இலக்க அலகும் போதும். 22ஆம் இலக்க அலகு 4ஆம் இலக்கப் பிடிக்குரியது, இதில் ஏறாது. அவசரத்தில் பலர் தவறுவது இதில்தான். கார்பன் உருக்கு அலகு கூர்மையில் சிறந்தது. ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் ஹட்டன் பக்கத்தில் திறந்து வைத்தால் சீக்கிரமே துரு பிடிக்கும். தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தகர டப்பாவில் மூடி வையுங்கள். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஸ்டெயின்லெஸ் அலகு வாங்கலாம், கூர் கொஞ்சம் முந்தி மழுங்கும். அலகைக் கழற்றக் குறடு எடுங்கள், விரலை நம்ப வேண்டாம். அதே பார்மசியில் வளைந்த முனை ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் ஒன்றும் வாங்கினால், பாய்மரக் கயிற்றை முடிச்சிடும்போது சாமணத்தைவிட நன்றாகப் பிடிக்கும்.

கப்பலின் உடலில் ஒட்டும் மெல்லிய பலகைக் கீற்றை வளைக்க விற்கும் 'பிளாங்க் பென்டர்' குறடு வேண்டவே வேண்டாம். அது மரத்தை வளைப்பதில்லை, உட்பக்க நாரை இடையிடையே வெட்டி மடிக்கிறது. அணியத்தில் (கப்பலின் முன்பகுதியில்) வளைவு வழுவழுப்பாக வராமல் படிபடியாகத் தெரியும். வெப்பநிலை மாற்றக்கூடிய தலைமுடி கர்லிங் அயன் இதற்கு எவ்வளவோ மேல். 1.5 × 5 மி.மீ. கீற்றை வெதுவெதுப்பான நீரில் 20 முதல் 30 நிமிடம் ஊறவைத்து, சூடான குழாயின் மேல் மெல்ல அழுத்தி உருட்டினால் போதும். சோல்டரிங் அயனின் வெறும் முனையில் வைத்தால் மரம் கருகும்.

இங்கேதான் நுண் அளவு காட்டும் டிஜிட்டல் வேர்னியர் கலிப்பர் தன் விலையைத் திருப்பித் தருகிறது. 5.0 மி.மீ. அகலக் கீற்று ஊறியபின் 5.2 வரை தடிக்கும். அந்த நிலையில் ஒட்டினால் காய்ந்ததும் சுருங்கி, கீற்றுக்கும் கீற்றுக்கும் இடையே வெளிச்சம் தெரியும். கப்பலின் விலா எலும்பு போன்ற சட்டங்களில் உடுப்புக் கிளிப் போட்டு இறுக்கி வைத்து, மறுபடி 5.0 காட்டிய பின்பே பசை பூசுங்கள். பண்டாரவளையில் ஜூலை மாத வறண்ட காற்றில் ஒரே இரவில் காய்வது, ஹட்டனில் அதே மாதத்தில் இரண்டு நாள் எடுக்கும். உடுப்புக் கிளிப் மரத்தாலானதாக இருக்கட்டும். பிளாஸ்ரிக்கில் பிடி போதாது.

எங்கள் பட்டியலில் அதிகம் பாராட்டத் தக்கது பத்தர்கள் கம்பி இழுக்கும் கம்பியச்சு, அதாவது படிப்படியாகச் சிறுக்கும் துளைகள் உள்ள உருக்குத் தகடு. மர ஆணி செய்ய அது உதவும். பலகையைச் சட்டத்தோடு பொருத்தும் மர ஆணிகள் உண்மைக் கப்பலில் சுமார் 38 மி.மீ. தடிப்பு என்று வைத்தால், 1:64இல் 0.6 மி.மீ. வரும். அந்த மெலிவில் நன்றாகத் தாங்குவது மூங்கில். கணு இல்லாத துண்டை நார் வழியே 1 மி.மீ. அளவுக்குப் பிளந்து, நுனியைச் சீவி, 1.0, 0.9, 0.8 என ஒவ்வொரு துளையாக இழுத்து வர வேண்டும். ஒரு துளையைத் தாண்டினால் மூங்கில் அறுந்துவிடும். கவனிக்க வேண்டியது துளையின் பக்கம்: கம்பியை அகன்ற வாயில் நுழைத்து நசுக்கி இழுப்பார்கள். மூங்கிலுக்கோ மறுபக்கம், அதாவது குறுகிய வாயின் கூர்விளிம்பு மரத்தைச் சுரண்டும்படி நுழைக்க வேண்டும். சரியாக இழுத்தால் வாயோரம் மாவு போலத் தூள் சேரும். தூள் விழாமல் மூங்கில் மட்டும் மினுங்கினால் அச்சைத் திருப்பிப் பிடியுங்கள்.

ஆணித் துளைக்குக் கைத்துரப்பணம் போதும். 0.6 மி.மீ. பிட்டை 6 முதல் 8 மி.மீ. மட்டும் வெளியே விட்டு இறுக்கினால் வளையாது. சேர்கிட் போர்ட்டுக்கு வரும் கார்பைட் பிட் கையில் பிடித்தால் சிறு சாய்வுக்கே முறியும், அது ஸ்டாண்டில் பூட்டிய மெசினுக்கே சரி. பிடுங்கிய பழைய தேயிலைச் செடியின் தண்டு இறுக்கமான, நெருங்கிய மரம். கப்பிகள் கடைய அருமை. வெட்டு முனைகளில் மெழுகு பூசிக் காயவிடாவிட்டால் வெடிக்கும்.

பசை விடயத்தில் இரண்டே எச்சரிக்கை. பைண்டர் கம் (வெள்ளை மரப்பசை) குளிரில் வெண்பொடியாகக் காய்ந்து பிடிக்காமல் போகும், ஆகவே நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் ஒட்டாதீர்கள். சுப்பர் குளூ ஈரக் காற்றில் மரத்தின் மேல் வெள்ளைப் படலம் விடும். வெளியே தெரியாத உட்பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மின் கருவி ஒன்று வேண்டுமென்றால் ப்ரொக்ஸன் மைக்ரோமொட் 50/ஈ என்ற சிறிய கை மெசின் நல்லது. நிமிடத்துக்கு 5,000 சுற்று வரை குறைக்கலாம், மரம் கருகாது. 12 வோல்ட்டில் ஓடுவதால் அதன் ட்ரான்ஸ்போமரையும் சேர்த்தே விலை கேளுங்கள்.