கோடை ஆய்வுக்குக் காடா, கண்ணாடித் தட்டா, தோட்டத்து மண்ணா?

இளங்கலை மாணவர்கள் மூன்று நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு மே, ஜூனில் ஒரு சிறு ஆய்வு நடத்த நினைக்கும் மலைக் கல்லூரி ஆசிரியருக்கு மூன்று வழி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. சோலை ஓரத்துப் புல்வெளியில் கட்டம் போட்டுச் செடி எண்ணலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் கண்ணாடித் தட்டில் எடுத்த பழைய சூரியப் படங்களைக் கணினியில் அளக்கலாம். தேயிலை, காய்கறித் தோட்டத்து மண்ணைச் சோதிக்கலாம்.

தலைப்பை மட்டும் பார்த்தால் காடுதான் எடுப்பு. ஆனால் தேர்வு முடிந்து கல்லூரி திறப்பதற்குள் நிஜமாகக் கிடைப்பது ஏறக்குறைய ஆறு வாரம். முதல் முறை ஆய்வு செய்கிற மாணவர் தப்பாகத்தான் அளப்பார். அந்த ஆறு வாரத்துக்குள் எத்தனை முறை திரும்ப அளக்க முடியும் என்பதை வைத்துத்தான் இந்த மூன்றையும் எடைபோட வேண்டும்.

காடு

பழனி மலையின் மேல்பகுதியில் பெரும்பங்கு 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள் வந்துவிட்டது. நீலகிரியில் முக்குருத்தி தேசியப் பூங்கா. சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழைய 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவுப்படி அனுமதி வேண்டும். கோடையில் செய்யும் வேலைக்கு முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும். இடத்தின் வரைபடம், போகும் மாணவர்களின் பெயர், எதை அளக்கப்போகிறோம், எதையும் பறிக்கவோ பிடிக்கவோ போகிறோமா என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். “தாவரப் பன்மை ஆய்வு” என்று ஒற்றை வரியில் எழுதினால் கேள்வியோடு திரும்பி வரும்.

அனுமதி வந்தாலும் பருவம் ஒத்துழைக்காது. கோடையில் புல் காய்ந்து கிடக்கும். பல வகைகள் பூக்காமல் நிற்கும். பூங்கொத்து இல்லாமல் புல்லை இனம் பிரிக்க முயன்றால் அட்டவணையில் பாதி “தெரியாத புல் 1, தெரியாத புல் 2” என்றுதான் நிரம்பும். ஜூன் பிறந்ததும் நீலகிரியில் அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் தென்மேற்கு மழை கொட்டத் தொடங்கினால் களம் மூடிவிடும். மறு அளவைக்கு வாய்ப்பே இல்லை.

அனுமதி கையில் இருந்து காட்டுக்குத்தான் போவது என்றால், கேள்வியைச் சுருக்குங்கள். புல்வெளிக்குள் ஊடுருவும் வாட்டில் மரக் கன்றுகளை (உள்ளூரில் சீகை என்பார்கள்) எண்ணுவது நல்ல கேள்வி. இலையைப் பார்த்தே அடையாளம் தெரியும். சீகைத் தோப்பின் விளிம்பிலிருந்து புல்வெளிக்குள் 50 மீட்டர் கயிறு பிடித்து, 5 மீட்டருக்கு ஒரு முறை 1 மீட்டர் சதுரக் கட்டம். “கன்று நிறைய இருக்கிற இடமாப் பார்த்துப் போடலாம் சார்” என்று யாராவது சொல்வார்கள். அங்கேதான் ஆசிரியர் நிறுத்த வேண்டும். கட்டம் விழும் இடத்தைக் கயிறுதான் முடிவு செய்யும், கண் முடிவு செய்யக் கூடாது.

கண்ணாடித் தட்டு

1899-இல் தொடங்கிய கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிகளில் (சூரியன் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகள்) வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் கண்டறிந்ததும் இங்கேதான். அந்தக் கண்ணாடித் தட்டுகள் இப்போது எண்மப் படங்களாகி இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு படம் 4096 × 4096 பிக்சல். 16 பிட் என்றால் ஏறக்குறைய 33 எம்பி. மலையில் இணைய வேகம் நம்பகமில்லை என்பதால் முதல் வாரமே வேண்டிய படம் மொத்தத்தையும் இறக்கி வன்தட்டில் வைத்துவிடுவது நல்லது.

தொடங்க எளிய வேலை, ஒரு சூரியப் புள்ளியை நாள்தோறும் பின்தொடர்ந்து சூரியன் சுழலும் காலத்தைக் கணிப்பது. நடுக்கோட்டுக்கு அருகில் புள்ளி நாளுக்குச் சுமார் 13 பாகை நகரும். தட்டில் ஒட்டிய தூசியும் கீறலும் புள்ளி மாதிரியே தெரியும். நிஜப் புள்ளி என்றால் மறுநாள் தட்டில் அந்த 13 பாகை தள்ளியிருக்க வேண்டும். கருவியில் ஒட்டிய அழுக்கு நாலு நாளும் அதே இடத்தில் நிற்கும். அடுத்த கோளாறு நேரம். ஒரு படம் காலை 8 மணிக்கும் அடுத்தது மறுநாள் 10 மணிக்கும் எடுத்திருந்தால் இடைவெளி 26 மணி; அதை ஒரு நாள் என்று எடுத்தால் ஒரு பாகைக்கு மேல் பிழை. விளிம்புக்குப் போகப் போகப் படம் சுருங்கும். மையத்திலிருந்து 60 பாகை தாண்டிய அளவுகளைத் தள்ளிவிடலாம்.

மாணவருக்கு விடை 27 நாள் என்று வரும். புத்தகத்தில் 25 சொச்சம் இருக்கும். பூமியும் நகர்வதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று உடனே சொல்லிவிடாதீர்கள். இரண்டு நாள் அவர்களே மண்டையை உடைக்கட்டும். எண்ணை வளைத்து 25-க்குக் கொண்டுவருகிறார்களா என்று மட்டும் கவனியுங்கள்.

திரும்ப அளக்கும் வாய்ப்பில் இதற்கு ஈடு இல்லை. மழை பெய்தாலும் வேலை நடக்கும். குறை என்னவென்றால், இயற்பியல், கணித மாணவர் தவிர மற்றவர்களுக்கு நாலாம் நாளே சலிக்கும்.

தோட்டத்து மண்

பட்டா நிலம், உரிமையாளர் சம்மதம் போதும். ஒரே விவசாயியின் தேயிலைப் பாத்தியும் பக்கத்துக் கேரட், உருளைப் பாத்தியுமாக ஜோடி ஜோடியாக எடுத்தால் ஒப்பிட வசதி. வரப்பு, எருக்குழி ஓரம், புதிதாக உரம் போட்ட இடம் தவிர்த்து, பத்து இடத்தில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை சீவி எடுத்துக் கலந்து, கால்பங்கு முறையில் (நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி) அரைக் கிலோவாகக் குறைக்க வேண்டும். நிழலில் உலர்த்தி 2 மி.மீ. சல்லடையில் சலிப்பது. மூடுபனி நாளில் இது ஒரு வாரம்கூட இழுக்கும். அதனால் ஜூனுக்கு விடாமல் மே முதல் வாரமே சேகரியுங்கள்.

கார அமில நிலைக்கு 10 கிராம் மண், 25 மி.லி. வாலை வடிநீர், அரை மணி காத்திருப்பு. சிக்கல் அங்கக கார்பனில், அதாவது மண்ணில் மக்கிய உயிர்ப்பொருளின் கார்பனில். வாக்லி-பிளாக் முறையில் 1 கிராம் மண்ணோடு 10 மி.லி. பொட்டாசியம் டைகுரோமேட், 20 மி.லி. அடர் கந்தக அமிலம் சேர்ப்பது வழக்கம். அந்த அளவு சமவெளி மண்ணுக்குச் சரி. மலை மண்ணில் கார்பன் அதிகம்; அரை மணி கழித்துக் கரைசல் ஆரஞ்சாக இல்லாமல் பச்சையாகிவிட்டால் டைகுரோமேட் முழுக்கச் செலவாகிவிட்டது. அந்த எண்ணைப் பதிவு செய்வதில் அர்த்தமில்லை, 0.25 கிராம் மண்ணில் மறுபடி செய்ய வேண்டும். வினை தன் சூட்டிலேயே நடப்பதால் குடுவையைக் குளிர்ந்த கல்மேடையில் வைக்காமல் மரப்பலகை மேல் வையுங்கள். மிஞ்சிய டைகுரோமேட்டை அளக்கச் சேர்க்கும் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் நாளாக நாளாக வீரியம் குறையும். மண் இல்லாத வெற்றுச் சோதனை தினமும் வேண்டும். அமிலத்தை மாணவர் தனியாக ஊற்றக் கூடாது. குரோமியக் கழிவைத் தொட்டியில் கொட்டவும் கூடாது. தனி ஜாடியில் சேர்க்க வேண்டும்.

இருபது மாதிரி, மாதிரிக்கு இரண்டு முறை என்றால் நாற்பது தரம்பார்த்தல் (டைட்ரேஷன்). இருவர் நாளுக்குப் பத்து செய்யலாம். மறு அளவைக்கு இரண்டு வாரம் மிஞ்சும். முதல் கோடைக்கு இதையே பரிந்துரைப்போம். இயற்பியல் துறை என்றால் தட்டு.

ஆசிரியரின் நேரமும் மூன்றிலும் ஒன்றல்ல. காட்டில் முழு நாளும் கூடவே நிற்க வேண்டும். காட்டுமாடு திரியும் இடத்துக்கு மாணவரைத் தனியாக அனுப்ப முடியாது. மண்ணுக்கு முதல் இரண்டு வாரம் ஆய்வகத்தில் இருந்தால் பிறகு அமில வேலை நேரம் மட்டும் போதும். தட்டுக்குத் தினமும் அரை மணி, அதுவும் ஒரே 20 படத்தை இருவர் தனித்தனியாக அளந்து வந்த வித்தியாசத்தைப் பார்ப்பதற்கு. எதுவானாலும் குறிப்பேடு பேனாவில், அடித்தது தெரியும்படி. கட்டுரையோ சுவரொட்டியோ வந்தால் யார் பெயர் எந்த வரிசையில் என்பதை முதல் வாரமே பேசி முடித்துவிட வேண்டும்.

வெளியூர் மாணவர் வருவதென்றால் மே மாதம் சீசன். அறை வாடகை எகிறும். கல்லூரி விடுதியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு. அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை.