மகாமகக் குளக்கரையில் ஒரு கடப்பா கடை

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஏழு மணிக்கு வேலை முடிந்ததும், பாபநாசம் பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன்னால், மகாமகக் குளத்துப் பக்கம் போய்விடுவேன். அங்கே நிற்கும் தள்ளுவண்டிகளில் பெயர்ப் பலகை இல்லாத இட்லிக் கடை ஒன்று இருக்கிறது. கணவன், மனைவி இரண்டு பேர்தான். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள அவர்கள் போடும் கடப்பாவுக்காகவே, அதாவது அந்தப் பாசிப்பருப்பு, உருளைக்கிழங்குக் குழம்புக்காகவே இதை எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் மன்னார்குடி. ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் இட்லியும் கடப்பாவும்தான். வெளியில் பல இடங்களில் உருளைக்கிழங்கு குருமாவில் கொஞ்சம் பருப்பைப் போட்டுக் கடப்பா என்று ஊற்றிவிடுகிறார்கள். கெட்டியாக வரக் கடலை மாவு கரைத்து விடுபவர்களும் உண்டு. நாக்கில் மாவு ஒட்டும்போதே தெரிந்துவிடும். இங்கே பாசிப்பருப்பு குழைய வெந்திருக்கும், ஆனாலும் வாயில் பருப்பு தட்டுப்படும். கிழங்கைக் கையால் உதிர்த்துப் போடுகிறார்கள். காரத்துக்குப் பச்சை மிளகாய் மட்டும்தான், மிளகாய்த்தூள் கிடையாது. தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா அரைத்து விட்ட மணம் நாலு வண்டி தள்ளி நிற்கும்போதே வந்துவிடும். பாத்திரத்தை இறக்கி வைத்த பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிகிறார் அந்த அக்கா. “அடுப்புல இருக்கும்போது புழிஞ்சா கசந்துடும் தம்பி” என்றார். என் அம்மாவும் இதையேதான் சொல்லுவார்.

இட்லி துணியில் வேகிறது. ஒரு ஈடு வெந்ததும் தட்டைக் கவிழ்த்து, துணியின் முதுகில் தண்ணீர் தெளித்து மெல்ல உரிக்கிறார். ஒரு இட்லிகூடப் பிய்வதில்லை. துணியின் இழை இட்லியின் மேல் அப்படியே பதிந்திருக்கும். அதன் நடுவில் ஒரு கரண்டி கடப்பாவை விட்டால் அந்த வரிகளில் இறங்கி ஊறிவிடும். ஒரு இட்லி 8 ரூபாய். கடப்பா எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுகிறார்கள். தோசை, ஆம்லெட்டும் உண்டு, சுமார்தான்.

தட்டில் வாழையிலை போட்டுத்தான் தருகிறார்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது 2019 ஜனவரியில். இன்னமும் இதே ஊரில் வேறொரு வண்டியில் கொதிக்கிற சாம்பாரை பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்தார்கள். வாங்கி வந்து கொட்டிவிட்டேன், பிள்ளைகளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. இந்தக் கடையில் பார்சல் கேட்டால் முதல் கேள்வியே, “தூக்கு கொண்டாந்தீங்களா?” என்பதுதான்.

குறை இல்லாமல் இல்லை. உட்கார இடம் கிடையாது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு குளத்தைப் பார்த்தபடி நின்று சாப்பிட வேண்டியதுதான். குளத்துக் காத்தும் பதினாறு மண்டபமும் எதிரே இருக்கும்போது எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். குடிக்கும் தண்ணீர் மூடியில்லாத டிரம்மில் இருக்கிறது. அதை மட்டும் அவர்கள் மாற்றியே ஆக வேண்டும், நேரிலும் சொல்லிவிட்டேன். அதுவரை பாட்டில் கொண்டு போங்கள். எட்டரைக்கு மேல் கடப்பா இறுகிப்போய் வெந்நீர் விட்டு இளக்குகிறார்கள், அப்போது சுவை பாதியாகிவிடும். ஏழரைக்குள் போய்விடுவது நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கடை இருக்காது. அப்புறம், தூக்கை மறந்துவிடாதீர்கள்.