ஊகமா, எண்ணிக்கையா? பிளெட்ச்லி பார்க்கின் இரண்டு இயந்திரங்கள்

தரவை வைத்து வியாபாரம் செய்வதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எப்படியும் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைத்த பிரிட்டிஷ் மையமான பிளெட்ச்லி பார்க்கை இழுத்துவிடுவார்கள். ஆனால் அங்கே ஓடியது ஒரே உத்தி அல்ல. ஜெர்மானியரின் மறைகுறி இயந்திரமான எனிக்மாவை உடைக்க உதவிய ‘பாம்ப்’ இயந்திரமும், லோரன்ஸ் என்ற இன்னொரு ஜெர்மானிய இயந்திரத்தின் மறைகுறியைத் தாக்கிய கொலோசஸும் நேரெதிரான இரண்டு யோசனைகள்.

போலந்துக் கணிதவியலாளர்கள் போட்ட பாதையில் டூரிங்கும் வெல்ச்மனும் வடிவமைத்த பாம்ப், 1940இல் வேலைக்கு வந்தது. அதற்கு முதலில் ஒரு மனிதர் ஊகம் தர வேண்டும்: இந்தச் செய்தியில் ‘வானிலை அறிக்கை’ என்ற சொல் இருக்கும் என்று. எனிக்மாவில் எந்த எழுத்தும் அதே எழுத்தாக மறையாது. எனவே ஊகச் சொல்லை மறைகுறிச் செய்திக்கு அடியில் நகர்த்திப் பார்க்கும்போது மேலும் கீழும் ஒரே எழுத்து வந்தால், அந்த இடம் கழிந்தது. பிறகு இயந்திரம் ஊகத்தோடு முரண்படும் எனிக்மா அமைப்புகளையெல்லாம் தள்ளும். விடையைக் கண்டுபிடிப்பது அதன் வேலை இல்லை, தப்பானவற்றைக் கழிப்பதுதான். மிஞ்சிய சிலவற்றை மனிதர்கள் சரிபார்த்தார்கள்.

தபால் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் கட்டிய கொலோசஸுக்கு (1944) சொல் எதுவும் தெரிய வேண்டாம். விநாடிக்கு 5,000 எழுத்து வேகத்தில் செய்தி துளையிட்ட நாடாவைப் படித்து, பொருத்தங்களை எண்ணிக்கொண்டே இருக்கும். லோரன்ஸ் இயந்திரச் சக்கரங்களின் சரியான நிலையில் எண்ணிக்கை வழக்கத்தைவிடச் சற்றே கூடும். அந்தச் சிறு சாய்வு போதும், செய்தி நீளமாக இருந்தால். குட்டிச் செய்தியில் அது தற்செயலோடு கலந்துவிடும்.

வியாபாரத்தில் எண்ணிக்கை வழியின் பெரிய பெயர் ஜிம் சைமன்ஸ். 1960களில் பிரின்ஸ்டனில் அமெரிக்க அரசுக்காக மறைகுறி உடைத்தவர். பின்னர் ரெனைசான்ஸ் டெக்னாலஜீஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கி, சந்தை விலைகளில் மெல்லிய சாய்வுகளைத் தேடினார். எண்ணற்ற வர்த்தகங்கள் நடக்கும் இடத்தில் அது பலிக்கும். ஐந்நூறு வாடிக்கையாளர் உள்ள கடைக்காரர் அதைப் பார்த்து மென்பொருள் வாங்கினால் காசுதான் கரையும். அவரிடம் இருப்பது குட்டிச் செய்தி.

அவருக்கு என் ஓட்டு பாம்ப் வழிக்கே. ‘சம்பளம் வந்த வாரத்தில்தான் பெரிய பில் விழுகிறது’ என்று கடைக்காரருக்குத் தோன்றுவது நல்ல ஊகம். பில்களில் அதற்கு முரணானதை மட்டும் தேடட்டும். ஆபத்து ஒன்றுதான்: ஊகத்தின் மீது பாசம் வந்துவிடும்.

அதற்கு மருந்து பசிபிக்கில் இருக்கிறது. 1942இல் ஜப்பானியர் தாக்கப்போவதாகச் செய்திகளில் வந்த ‘ஏஎஃப்’ என்ற குறிப்பெயர் மிட்வே தீவுதான் என்று பேர்ல் ஹார்பரில் அமெரிக்கக் கடற்படையின் மறைகுறி உடைப்பாளர் ரோஷ்ஃபோர்ட்டின் குழு நம்பியது, வாஷிங்டனில் சந்தேகம். மிட்வேயில் குடிநீர் ஆலை பழுது என்று பொய்ச் செய்தியை வெளிப்படையாக ஒலிபரப்பச் சொன்னார்கள். ஏஎஃப்பில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று ஜப்பானியச் செய்தி சிக்கியது. செலவு, ஒரு செய்தி. கடைக்காரரும் இரண்டு வாரம் ஒரே பொருளை வெவ்வேறு விலையில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம்.