சத்துவாச்சாரி டிங்கரிங் பட்டறையும் என் மாருதி 800-இன் கதவு ஒழுகலும்

வேலூர் வெயிலில் கதவு ரப்பர் விரைவில் இறுகிவிடும் என்பதால், பழைய காருக்குள் மழைநீர் வந்தால் ரப்பரை மாற்றினால் போதும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். 2005-ஆம் ஆண்டு மாடல் மாருதி 800 என்னுடையது. ஐப்பசி மழையில் ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பு ஊறிப்போனதும், நகரிலுள்ள பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்றில் நான்கு கதவுகளுக்கும் புதிய பீடிங் (கதவோர ரப்பர்) போட்டு, கதவுகளின் அடிவிளிம்பு முழுக்கச் சிலிக்கான் பூசி, 5,600 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மழையில் முன்பைவிட அதிகமாகவே தண்ணீர் நின்றது.

அதன் பிறகு ஒரு நண்பர் சொல்லி, சத்துவாச்சாரியில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு டிங்கரிங் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பாய் ரப்பரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "கண்ணாடி மெஷினை எப்ப சார் மாத்துனீங்க?" என்று கேட்டார். கண்ணாடியை ஏற்றி இறக்கும் அந்த மெஷினை அந்தக் கோடையில்தான் மாற்றியிருந்தேன்.

கண்ணாடியை ஒட்டி வழியும் நீரில் ஒரு பகுதி கதவின் உட்கூட்டுக்குள் இறங்குவது இயல்பே. அது அடியிலுள்ள சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும், உள்பக்கம் வராதபடி டோர் பேடுக்கு (கதவின் உள்பக்க அட்டைக்கு)ப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் அதைத் தடுக்க வேண்டும். என் காரில் மெஷின் மாற்றியவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருந்தார். போதாக்குறைக்கு, சர்வீஸ் நிலையத்தார் பூசிய சிலிக்கான் வடிதுளைகளையே அடைத்திருந்ததால், கதவை ஆட்டினால் குடத்து நீர்போல உள்ளே தளும்பியது. நானும் பொறுமையாகக் கதவை முன்பே ஆட்டிப் பார்த்திருக்கலாம்.

பாய் சிலிக்கானைச் சுரண்டி எடுத்தார். துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தார். தடித்த பிளாஸ்டிக் தாளை அளவாக வெட்டி ப்யூட்டைல் டேப்பால் (பிசின்போல ஒட்டும் ரப்பர் நாடா) ஒட்டினார். பிறகு கதவிடுக்கில் செய்தித்தாள் துண்டுகளை வைத்து மூடி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பின்பக்க மேல்மூலையில் மட்டும் தாள் தடையின்றி வந்தது; அங்கே ரப்பர் அழுந்தவில்லை. கதவுக் கீலிலுள்ள ஊசியும் அதைச் சுற்றிய புஷ்ஷும் தேய்ந்து கதவு தொங்கியதே காரணம். அவற்றை மாற்றி, ஸ்ட்ரைக்கரையும் (கதவுப் பூட்டு மாட்டும் கொக்கி) சரிசெய்தபின், பையன் ஒருவனை டார்ச்சோடு உள்ளே உட்கார வைத்துக் கீழிருந்து மேலாக நீர் பாய்ச்சினார். மேலே முதலில் பாய்ச்சினால் எந்த இடத்தில் நுழைகிறது என்று பிரித்தறிய முடியாது என்றார். எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய்.

குறைகளும் உண்டு. ஒரு நாள் என்று சொல்லி மூன்று நாள் எடுத்துக்கொண்டார்; பில் கொடுக்கும் வழக்கமே கிடையாது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்காததை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. வீட்டில் நானே கழற்றியபோது அடியிலிருந்த ஃபெல்ட் மெத்தை பிழியப் பிழிய நீர் விட்டது, தகட்டில் துருவும் தொடங்கியிருந்தது. இத்தகைய வேலைக்கு விடுபவர்கள் அதை முதலிலேயே கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

கார்த்திகை மழை முழுவதும் ஓட்டுநர் பக்கம் காய்ந்தே இருந்தது. இடது பின்கதவுக் கண்ணாடியின் மூலையில் மட்டும் இன்னும் சொட்டுகிறது. கண்ணாடி ஓடும் ரப்பர் தேய்ந்திருக்கிறதாம். அது வேலூரில் கிடைக்காததால் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வரவழைப்பதாகப் பாய் சொல்லியிருக்கிறார்.